பயணமும் சிகிச்சையே

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில், மூச்சுத் திணறும் குழந்தையின் சீட்டில் "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதப்படுகிறது. மருத்துவர் கையொப்பமிட்டதும் அந்த மருத்துவமனையின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. நூறு அல்லது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு மருத்துவமனையில் வேறொரு மருத்துவர் கையொப்பமிடும்போதுதான் அடுத்த பொறுப்பு தொடங்குகிறது. இடைப்பட்ட மூன்று, நான்கு, ஐந்து மணி நேரத்துக்குக் குழந்தை எந்த மருத்துவமனையின் கணக்கிலும் இல்லை. அந்த நேரத்தில் உயிர் பிரிந்தால், சென்றடையும் இடத்தில் "கொண்டுவரப்படும்போதே இறந்திருந்தது" என்ற ஒரு வரி பதிவாகும். அனுப்பிய மருத்துவமனையின் இறப்புக் கணக்கில் அது சேராது. சிகிச்சை அளிக்காத மருத்துவமனையின் குறையாகவும் அது எண்ணப்படாது.

இந்தியாவில் ஏழைக் குழந்தைகளின் மரணங்களில் ஒரு பகுதி இவ்வாறு யாருக்கும் உரிமையில்லாத நேரத்தில் நிகழ்கிறது. இது ஆம்புலன்ஸ் வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் சார்ந்த பிரச்சனையன்று. நோயுற்ற குழந்தையை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வது சிகிச்சையா, சரக்குப் போக்குவரத்தா என்பதே அடிப்படைக் கேள்வி. பொது சுகாதாரத்துக்காகப் போராடும் இயக்கங்கள் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்க வேண்டும்.

வேகம் மட்டும் காப்பாற்றாது

விரைவாகக் கொண்டு சேர்த்தால் போதும், உயிர் பிழைத்துவிடும் என்ற எண்ணம் மக்களிடையே வலுவாக இருக்கிறது. விபத்தில் ரத்தம் இழந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அது பெருமளவு பொருந்தும். செயற்கை சுவாசத்தில் இருக்கும் குழந்தைக்கு நிலைமை வேறு. புறப்படும் முன்பே அதன் சுவாசக் குழாய் சரியான இடத்தில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ரத்த அழுத்தம் நிலைப்பட்டிருக்க வேண்டும். மருந்து செலுத்த நம்பகமான ரத்தக்குழாய் வழி இருக்க வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் குழாய் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே பச்சிளம் குழந்தையின் ஒரு நுரையீரலுக்குக் காற்று போகாமல் நின்றுவிடலாம். ஓடும் வண்டியில் அதைக் கண்டறிவதற்கே தேர்ந்த கண் வேண்டும்; சரிசெய்யத் தேர்ந்த கை வேண்டும்.

வென்டிலேட்டர் இல்லாத வண்டிகளில் அம்பு பையை மணிக்கணக்கில் கையால் அழுத்திக்கொண்டே செல்கிறார்கள். பயிற்சி பெற்றவர் சோர்ந்ததும் அந்தப் பை தந்தையின் கைக்கோ பாட்டியின் கைக்கோ மாறுகிறது. அழுத்தம் கூடினால் நுரையீரல் கிழிந்து காற்று நெஞ்சுக்குள் கசியும். வேகம் கூடினால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டமே சுருங்கும். அன்பினால் அழுத்தும் கை, பயிற்சி இன்மையால் தீங்கு செய்யும் அவலம் இது. அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பையை அவர்கள் கையில் கொடுத்த அமைப்பே பொறுப்பு.

ஆக்சிஜன் கணக்கையும் பார்க்கலாம். ஆம்புலன்ஸ்களில் பொதுவாகப் பயன்படும் 'பி' வகை சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவானால் 150 நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு 3,000 லிட்டர் தேவை. சாலை மறியலோ வண்டிப் பழுதோ ஏற்படலாம் என்பதால் தேவையைப் போல் இரு மடங்கு வைத்திருப்பதே பாதுகாப்பு. ஆக, முழுமையாக நிரப்பப்பட்ட நான்கு சிலிண்டர்கள் வேண்டும். புறப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது யாருடைய கடமை என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் விடை கிடைக்காது.

பச்சிளம் குழந்தைக்குக் குளிரே பெரும் பகை. உடல் வெப்பநிலை 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், வெப்பத்தை மீட்பதற்காகவே அதன் உடல் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எரித்துத் தீர்க்கிறது. வெப்பநிலை, ஆக்சிஜன், ரத்த ஓட்டம், சர்க்கரை ஆகிய நான்கை மட்டும் அளந்து, கொண்டுவரப்பட்ட குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்கும் எளிய முறையை 2007இல் வெளியிட்டவர்கள் தில்லி மருத்துவர்களே. இந்த நான்கையும் அளப்பதற்குப் பெருஞ்செலவுக் கருவிகள் தேவையில்லை. சரிசெய்யும் வழிகள் பலவும் எளியவை. இன்குபேட்டர் இல்லாத இடத்தில் தாயின் மார்போடு சேர்த்துத் தோலோடு தோலாகக் கொண்டு செல்வதையே உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஆயினும் தாயைப் பிரசவ வார்டில் விட்டுவிட்டு, குழந்தையைத் துணியில் சுற்றி உறவினர் மடியில் வைத்து அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. குறைமாதப் பிரசவமோ சிக்கலான பிரசவமோ எதிர்பார்க்கப்படும் இடத்தில், பிரசவத்துக்கு முன்பே தாயை உரிய மருத்துவமனைக்கு மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பான முறை.

2019 ஜூனில் பீகாரின் முசாபர்பூரில் மூளைக்காய்ச்சல் அறிகுறிகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மடிந்தனர். பெரும்பாலும் வறிய குடும்பங்களின் குழந்தைகள். அவர்களில் பலருக்கு ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்திருந்தது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையை அளந்து, டெக்ஸ்ட்ரோஸ் கரைசலை நரம்பில் ஏற்றி, அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே அந்தத் துயரம் உணர்த்திய பாடம். முதலில் நிலைப்படுத்து, பிறகு நகர்த்து என்ற விதி அதுவே. அந்த விதியை நிறைவேற்ற வேண்டிய கீழ்நிலை மருத்துவ நிலையங்களில் மருத்துவரும் செவிலியரும் இருந்தாக வேண்டும்.

ஏட்டில் இருப்பதும் சாலையில் இருப்பதும்

ஆம்புலன்ஸ் வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 125 என்ற தேசியத் தரவரையறை உண்டு. அதன்படி வாகனங்கள் நான்கு வகை. உயர்நிலை உயிர்காப்பு வசதி கொண்டது 'டி' வகை. 5 லட்சம் மக்களுக்கு இவ்வகை வண்டி ஒன்றும், 1 லட்சம் மக்களுக்கு அடிப்படை வசதி கொண்ட வண்டி ஒன்றும் இருக்க வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோல். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், நோயுற்ற பச்சிளம் குழந்தைகளை மருத்துவமனைகளுக்கிடையே இலவசமாகக் கொண்டு செல்ல உறுதியளித்தது. பின்னர் அது ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

30 லட்சம் மக்கள் வாழும் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அளவுகோல் முழுமையாக நிறைவேறினாலும் அங்கு உயர்நிலை வண்டிகள் 6 மட்டுமே. சாலை விபத்து, மாரடைப்பு, பிரசவச் சிக்கல் ஆகிய அனைத்துக்கும் அவையே ஓட வேண்டும். அவற்றில் ஒன்று 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு ஒரு குழந்தையைக் கொண்டு சென்று திரும்ப எட்டு முதல் பத்து மணி நேரமாகும். அதுவரை மாவட்டத்தில் எஞ்சுபவை ஐந்து. எனவே வண்டியை மாவட்ட எல்லையைத் தாண்டி அனுப்ப அதிகாரிகள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை மனிதாபிமானமின்மை என்று சொல்லிவிட முடியாது. அவசர அழைப்புக்குச் செல்லும் வண்டியையும் மருத்துவமனை மாற்றத்துக்கான வண்டியையும் ஒன்றாக வைத்த கொள்கையின் விளைவு அது. அரசு வண்டி கிடைக்காதபோது மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் தனியார் வண்டியிடம் பேரம் தொடங்குகிறது. தாலி அடகுக்குப் போகிறது. வாசலில் கேட்ட விலையைக் கொடுத்த பிறகும் அந்த வண்டிக்குள் குழந்தைக்கு உரிய அளவில் சுவாசக் குழாயோ, ரத்த அழுத்தப் பட்டையோ, மருந்துப் பம்போ இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் 2021 ஜூலையில் ஒன்றிய அரசு 23,123 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் பிரிவுகள், 20,000 தீவிர சிகிச்சைப் படுக்கைகள், அவற்றில் 20 சதவீதம் குழந்தைகளுக்கு, 8,800 ஆம்புலன்ஸ்கள் என்று அது பட்டியலிட்டது. படுக்கையையும் வண்டியையும் ஒரு முறை வாங்கிவிடலாம். இரவு இரண்டு மணிக்கு வண்டியில் ஏறும் மருத்துவரையும் செவிலியரையும் ஆண்டுதோறும் ஊதியம் கொடுத்துத்தான் வைத்திருக்க முடியும். திட்டத்தின் ஆயுளோ சில மாதங்கள். 2025க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை எட்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி அது 1.84 சதவீதமே. நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலவிட்டனர். 2024 அக்டோபரில் ரிஷிகேஷில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவை கோலாகலமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. மலைப்பகுதிக்கு ஹெலிகாப்டர் தேவைதான். சமவெளியில் உள்ள மாவட்ட மருத்துவமனையிலிருந்து தரைவழியே செல்லும் வண்டியில் ஒரு செவிலியர் இல்லை என்பது விளம்பரப் பலகைகளில் இடம்பெறுவதில்லை.

ஒப்பந்தத்தின் தர்க்கம்

108 சேவை 2005இல் ஐதராபாத்தில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த அதன் தொழிலாளர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அரசு பணம் கொடுக்க, தனியார் நிறுவனம் நடத்தும் முறையே பெரும்பாலான மாநிலங்களில் வேரூன்றியது. வண்டிக்கு மாதம் இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, அழைப்புக்கு இத்தனை நிமிடத்துக்குள் சேர வேண்டும் என்று ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. எண்ணக்கூடியதற்கே ஒப்பந்தம் பணம் தருகிறது. புறப்படும் முன் ஒரு மணி நேரம் செலவிட்டுக் குழந்தையை நிலைப்படுத்தும் குழுவுக்கு இந்தக் கணக்கில் மதிப்பெண் இல்லை. அது தாமதமாகவே பதிவாகும். சிகிச்சையின் தர்க்கமும் ஒப்பந்தத்தின் தர்க்கமும் மோதும் இடம் இதுவே.

ஊழியர்களின் நிலையும் இதே தர்க்கத்தின் விளைவு. பன்னிரண்டு மணி நேர வேலை, ஒப்பந்த நியமனம், தாமதமாகும் ஊதியம், போதாத பயிற்சி. 2021 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் உயர்நிலை ஆம்புலன்ஸ்களை நடத்தும் ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியபோது, வேலைப் பாதுகாப்புக் கேட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த அவர்கள் மீது எஸ்மா சட்டம் பாய்ந்தது. நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். குழந்தையின் வென்டிலேட்டரைக் கையாளும் திறன் ஆண்டுக்கணக்கான அனுபவத்தில் வருவது. ஒப்பந்தம் மாறும் போதெல்லாம் ஊழியரைத் தூக்கி எறியும் முறை அந்த அனுபவத்தையும் சேர்த்தே எறிகிறது.

இந்த அமைப்பின் ஓட்டைகள் எங்கே இட்டுச் செல்லும் என்பதை 2025 இலையுதிர் காலம் காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் நச்சுக் கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. மருந்து தயாரானது தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். மருந்துக் கட்டுப்பாட்டின் தோல்வி பற்றி நாடு பேசியது. அது பேசப்பட வேண்டியதே. அதிகம் பேசப்படாத மற்றொன்றும் உண்டு. அக்குழந்தைகளில் பலர் உயர் சிகிச்சைக்காக மாநில எல்லையைக் கடந்து மகாராஷ்டிரத்தின் நாக்பூருக்குக் கொண்டு செல்லப்பட வேண்டியிருந்தது. பலர் அங்கேயே இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை அந்தப் பகுதி இழந்தது. தன் மாவட்டத்தில் சிகிச்சை இல்லாத குழந்தைக்குப் பயணமே முதல் சிகிச்சை. அந்தப் பயணத்துக்கு எந்த மாநிலம் பொறுப்பு என்பது எங்கும் எழுதப்படவில்லை.

மாற்று உண்டு

2019 ஏப்ரல் 16 அன்று, பிறந்து பதினைந்து நாள்களே ஆன, இதயக் குறைபாடுள்ள குழந்தையை ஏற்றிய ஆம்புலன்ஸ் மங்களூரிலிருந்து புறப்பட்டது. கேரளம் முழுவதும் மக்கள் சாலையை ஒதுக்கிக் கொடுத்தனர். சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் கடந்து வண்டி கொச்சியைச் சேர்ந்தது. அந்த ஓட்டுநரின் திறமையையும் மக்களின் ஒற்றுமையையும் நாடே பாராட்டியது. அந்தச் செய்தியில் கவனிக்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. முதலில் திருவனந்தபுரம் வரை செல்லவே திட்டமிடப்பட்டிருந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் தோழர் கே.கே.சைலஜா தலையிட்டு, அவ்வளவு நீண்ட பயணத்தைத் தவிர்த்துக் கொச்சியிலேயே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். செலவை 'ஹிருதயம்' திட்டத்தின் கீழ் அரசே ஏற்றது. இடது ஜனநாயக முன்னணி அரசு 2017இல் தொடங்கிய அத்திட்டத்தில், பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தை பதிவு செய்யப்பட்டதும் எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது, எப்போது அனுப்புவது, எப்படி அனுப்புவது என்பவை ஒருங்கிணைந்து முடிவாகின்றன. சாலையில் தெரிந்தது வேகம். குழந்தைக்கு உதவியது ஒருங்கிணைப்பும் அரசின் பொறுப்பும். 2023ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் அகில இந்திய அளவில் 25, கேரளத்தில் 5. இந்த வேறுபாடு ஒரே நாளில் வந்ததன்று. ஒரு திட்டத்தால் மட்டும் வந்ததுமன்று.

பிரிட்டனில் தீவிர சிகிச்சை தேவைப்படும் குழந்தையை அனுப்பும் மருத்துவமனை வண்டி தேடி அலைவதில்லை. ஒரே தொலைபேசி எண்ணுக்கு அழைக்கிறது. மறுமுனையில் குழந்தைத் தீவிர சிகிச்சை நிபுணர் உடனே ஆலோசனை சொல்லத் தொடங்குகிறார். படுக்கையையும் அவரே உறுதி செய்கிறார். மருத்துவரும் செவிலியரும் கொண்ட தனிக் குழு கருவிகளோடு குழந்தை இருக்கும் இடத்துக்கு வந்து, அங்கேயே நிலைப்படுத்தி, பிறகே அழைத்துச் செல்கிறது. லண்டனில் இத்தகைய சேவை ஒன்று 2001 முதல் இயங்குகிறது. இதற்குப் பெற்றோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தத்தால் 1948இல் உருவான தேசிய சுகாதார சேவை, பல வெட்டுகளுக்குப் பின்னும், இந்தக் கோட்பாட்டைக் கைவிடவில்லை. அழைப்பு வந்த கணத்திலிருந்தே குழந்தையின் பொறுப்பை நிபுணர் குழுவும் பகிர்ந்துகொள்கிறது என்பதே அந்தக் கோட்பாடு.

ஏழை நாட்டுக்கு இது கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கு இந்திய உச்சநீதிமன்றமே விடையளித்திருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற விவசாயத் தொழிலாளி ஒருவரைப் பல அரசு மருத்துவமனைகள் படுக்கையில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. அவரது விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. உரிய நேரத்தில் அவசர சிகிச்சை மறுக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும். நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு இதிலிருந்து நழுவ முடியாது என்று நீதிமன்றம் கூறியது. எங்கே படுக்கை இருக்கிறது என்று அறிய மையத் தகவல் தொடர்பு, மருத்துவமனைகளுக்கிடையே நோயாளியைக் கொண்டு செல்லக் கருவிகளும் மருத்துவப் பணியாளரும் கொண்ட ஆம்புலன்ஸ் ஆகியவற்றையும் அது வலியுறுத்தியது. பிற மாநிலங்களும் இவ்வாறே செயல்பட வேண்டும் என்றது. இடது முன்னணி ஆட்சியில் இருந்த மாநிலத்துக்கு எதிராக வந்த தீர்ப்பு என்பதால் அதன் நியாயம் குறைந்துவிடவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் பொருந்தும் கடமை அது.

வண்டிகளில் செலவிடுவதைவிட மாவட்டந்தோறும் மருத்துவமனைகளை வலுப்படுத்தலாமே என்ற கேள்வியும் நேர்மையானது. மாவட்ட மருத்துவமனைகள் வலுப்பெற்றால் இன்று அனுப்பப்படும் குழந்தைகளில் பலரை அனுப்ப வேண்டியிராது. அதற்கான போராட்டம் முதன்மையானது. எனினும் பச்சிளம் இதய அறுவை சிகிச்சை, எக்மோ போன்றவற்றை எல்லா மாவட்டத்திலும் நடத்த இயலாது, நடத்தவும் கூடாது. நிறையச் செய்யும் இடத்தில்தான் அவற்றின் தரம் நிலைக்கும். எனவே எவ்வளவு வளர்ந்த சுகாதார அமைப்பிலும் சில குழந்தைகள் பயணம் செய்தே ஆக வேண்டும். பாதுகாப்பான பயணம் என்பது பற்றாக்குறைக் காலத்து ஒட்டுப்போடுதலன்று; அது சுகாதார அமைப்பின் நிரந்தர உறுப்பு.

கோர வேண்டியவை

ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவோடும் இணைந்த, அரசே நேரடியாக நடத்தும் பயணக் குழு வேண்டும். அதன் வண்டிகள் 108 அவசர வண்டிகளிலிருந்து தனியாக இருக்க வேண்டும். படுக்கை நிலவரத்தை இருபத்து நான்கு மணி நேரமும் அறிந்து ஆலோசனை தரும் ஒரே கட்டுப்பாட்டு மையம் மாநிலந்தோறும் வேண்டும். ஏற்கும் மருத்துவமனை ஒப்புக்கொள்ளாமலும், குழந்தை நிலைப்படுத்தப்படாமலும், எழுத்துப்பூர்வமான சிகிச்சைக் குறிப்பு இல்லாமலும் எந்தக் குழந்தையும் வெளியேற்றப்படக் கூடாது. இலவசப் பயண உரிமை 18 வயது வரை நீட்டிக்கப்பட வேண்டும். மாநில எல்லை அதற்குத் தடையாகக் கூடாது. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு எட்டு மணி நேர வேலையும், நிரந்தரப் பணியும், முறையான பயிற்சியும் வேண்டும். குழந்தை மரணங்களை ஆய்வு செய்யும் நடைமுறை 2014 முதல் வகுக்கப்பட்டிருக்கிறது; வழியில் நேர்ந்த மரணங்களையும், சேர்ந்த சில மணி நேரத்துக்குள் நேர்ந்த மரணங்களையும் தனி இனமாகக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். எண்ணப்படாத மரணத்துக்கு எவரும் பதில் சொல்வதில்லை.

இந்தக் கோரிக்கைகளை மாநாட்டுத் தீர்மானங்களில் சேர்ப்பது எளிது. அவற்றுக்கு உயிர் கொடுப்பது உள்ளூர்ப் பணி. கடந்த ஓராண்டில் மாவட்ட மருத்துவமனையிலிருந்து எத்தனை குழந்தைகள் வெளியே அனுப்பப்பட்டனர், எந்த வண்டியில், யார் துணையோடு சென்றனர், எத்தனை பேர் உயிரோடு சேர்ந்தனர் என்ற நான்கு கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க ஒரு கிளையால் முடியும். மருத்துவமனை வாசலில் ரத்ததானமும் உணவும் வழங்கும் வாலிபர் தோழர்கள், அங்கே நடக்கும் வாடகை பேரத்தைப் பதிவு செய்ய முடியும். செவிலியர், ஆம்புலன்ஸ் ஊழியர், ஆஷா ஊழியர் சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள், ஊதியக் கோரிக்கையோடு குழந்தையின் பாதுகாப்பையும் இணைத்து மக்களிடம் எடுத்துச் செல்ல முடியும். அவ்வாறு இணையும்போது, வேலைநிறுத்தத்தை நோயாளிகளுக்கு எதிரானதாகச் சித்திரிக்கும் அரசுகளின் பொய் எடுபடாது.

பணம் படைத்தவரின் குழந்தைக்கு இன்றும் வென்டிலேட்டரும் நிபுணரும் விமானமும் கிடைக்கின்றன. தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது யாருக்கு என்பதுதான் பிரச்சனை. செங்கல் சூளையிலும் கரும்புக் காட்டிலும் கட்டுமானத் தளத்திலும் உழைப்போரின் குழந்தைக்கும் அதே மூச்சு உறுதி செய்யப்படும் வரை இந்தக் கோரிக்கை ஓயக் கூடாது.